ஆறு மீனுக்கும் ஒரே பல்

"பேரை எடுக்கிறதுன்னு முடிவு பண்ணிட்டீங்க, அப்புறம் என்னை எதுக்கு அண்ணி—"

"முதல்ல கேளுங்க—"

"முப்பது வருஷமா புத்தகத்துல இருக்கிற பேர். அண்ணன் போய் ரெண்டு வருஷம்கூட ஆகலை, அதுக்குள்ள—"

"தம்பி, என்னைப் பேச விடுங்க."

கொழுந்தன் விடுவதாக இல்லை. அவள் வேலை பார்க்கும் அருங்காட்சியகத்தின் மீன் அறையில் அவர்கள் இருவர்தான். மேசைமேல் ஆறு குப்பிகள். ஒவ்வொன்றிலும் சாராயத்தில் வெளுத்துப்போன கையகல டாம்செல் மீன். ஆறும் கொழுந்தன் பவளப்பாறைக்குள் முங்கிப் பிடித்து வந்தவை. அவள் கணவர் வாயைத் திறந்து பார்த்து, எல்லாவற்றுக்கும் ஒரே தட்டைப் பல்வரிசை என்று ஒரே பேரினமாகச் சேர்த்துப் பெயர் வைத்தார். இப்போது மரபணு வேறு கதை சொல்கிறது: நாலு ஒரு வம்சம், ரெண்டு வேறு வம்சம். தன் கைத்தவறாக இருக்கட்டும் என்று வேண்டிக்கொண்டே அவள் மூன்று தடவை சோதித்துவிட்டாள்.

"அப்ப பல்லு பொய்யா?"

"பொய்யில்லை. ரெண்டு கூட்டமும் பாறையில பாசி வளர்த்து அதையே கொறிக்குது. ஒரே சாப்பாடு, அதனால ஒரே பல்லு. ஒரு சாண் இடத்துக்கு ஊரையே துரத்துற குணம் இதுங்களுக்கு இருக்கு, உங்களுக்கும்தான் இருக்கு. உங்களையும் இதுங்களோட சேர்த்துடலாமா?"

அவர் சிரிக்கவில்லை.

"அந்த ரெண்டுக்காவது அண்ணன் வச்ச பேர் இருக்கட்டுமே."

"முடியாது. பேரு முதல்ல வச்ச மீனோடதான் போகும், அது அந்த நாலுல இருக்கு. நாலும் வேற பழைய பேரினத்துக்குள்ள போகுது. அவர் வச்ச பேரினம் போயிடும், மீன் பேருக்குப் பக்கத்துல அவரோட சொந்தப் பேர் மட்டும் அடைப்புக்குறிக்குள்ள வரும்."

"நமக்கும் ரத்தம் வேறதான் அண்ணி. அண்ணன் சேர்த்து வச்சதுதானே."

அவள் ஒரு குப்பியின் மூடியை இறுக்கினாள்.

"கட்டுரையை நான் போய்ச் சேர்ந்தப்புறம் அனுப்புங்க" என்றார், குரலை இறக்கி.

"அதுக்குள்ள யாராவது கண்டுபிடிச்சுடுவாங்க. எவனோ ஒருத்தன் வந்து அவரைத் தப்புன்னு எழுதுறதுக்கு நானே எழுதிடறேன்."

"எழுதுங்க. ஞாயித்துக்கிழமை எனக்கு உலை வைக்காதீங்க."

கிழிந்த வலைக்காக அண்ணனிடமே ஒரு வருஷம் பேசாமல் இருந்தவர். சொன்னால் சொன்னதுதான்.

ஞாயிறு வந்தது. அவர் வரவில்லை. அவள் ஒரு தட்டு மட்டும் எடுத்து வைத்தாள், சாப்பிடாமல் அதையே கழுவிக் கவிழ்த்தாள். வாரம் முழுவதும் வீட்டில் இன்னொரு குரல் கேட்பது அந்த ஒரு நாள்தான். கட்டுரை முடிந்திருந்தது, ஒரே ஓர் இடம் மட்டும் காலி. தொலைபேசியை எடுத்தாள்.

மணி நின்றது. அவர் எடுத்துவிட்டார். பின்னால் அவர் வீட்டுத் தொலைக்காட்சி யாருக்கோ செய்தி வாசித்துக்கொண்டிருந்தது.

"தம்பி, கட்டுரை நாளைக்குப் போகுது. அந்த ரெண்டு மீனுக்கும் சேர இடமில்லை, புதுசா ஒரு பேர் வைக்கணும். நீங்க வைக்கிறீங்களா?"