தொடக் கூடாத டாக்டர்

நிலநடுக்கம் வந்த மறுநாள் என் மனைவியைப் பள்ளிக்கூட ஹாலில் படுக்க வைத்திருந்தார்கள். ஆஸ்பத்திரிச் சுவரெல்லாம் விரிசல், அதனால் பள்ளிக்கூடம்தான் ஆஸ்பத்திரி. எங்கள் சமையலறைச் சுவர் அவள் வலது காலின் மேல் விழுந்திருந்தது. கால் பூசணிக்காய் மாதிரி வீங்கி, விரல்கள் சில்லிட்டுக் கிடந்தன.

"சாயந்திரத்துக்குள்ள வீக்கத்தைக் கீறி விடணும் பெரியவரே. இல்லேன்னா ரத்தம் ஓடாம கால் செத்துடும். அப்புறம் காலையே எடுக்கணும்" என்றார் டாக்டரம்மா.

"அப்ப கீறுங்க. யாரு கையைப் பிடிச்சது?"

"நான் குழந்தைங்க டாக்டர். எலும்பு டாக்டர் வர்ற பாலம் உடைஞ்சு கிடக்கு."

எலும்பு டாக்டர் ஒருத்தர் கண்ணெதிரே இருந்தார். வெளிநாட்டுக்காரர். விடியும்போது விமானத்தில் வந்து இறங்கிய நெட்டையர். ஆனால் இந்த நாட்டில் பதிவு செய்யாத டாக்டர் நோயாளியைத் தொட்டால் குற்றமாம். அந்த மனுசர் சும்மா இருக்க முடியாமல் வாளியில் தண்ணீர் சுமந்துகொண்டிருந்தார்.

என் மகள் சட்டத்துறையில் டைப் அடிக்கிறவள். போன வெள்ளத்தில் வெளிநாட்டு மருந்தெல்லாம் துறைமுகத்திலேயே கிடந்து கெட்டுப்போனதால், ஆபத்து நேரத்தில் வெளிநாட்டு மருந்தையும் டாக்டர்களையும் உடனே அனுமதிக்கலாம் என்று பேரிடர்ச் சட்டத்தைத் திருத்தினார்கள். அவள்தான் டைப் அடித்தாள். "அடுத்த வெள்ளத்துக்கு அந்தப் பேப்பர்ல கப்பல் செஞ்சு விடப்போறீங்களா?" என்று நான் கேட்டு, அவள் ரெண்டு நாள் என்னோடு பேசவில்லை. சட்டம் பாஸாகிவிட்டது. அமல்படுத்துகிற உத்தரவில் மட்டும் கையெழுத்து விழவில்லை. அதற்காகத்தான் காலையிலேயே ஆபீசுக்கு ஓடியிருந்தாள்.

நான் வாய் ஓயாமல் அரசாங்கத்தைத் திட்டினேன். பக்கத்துப் படுக்கைக்காரர் காதைப் பொத்திக்கொண்டார்.

மதியம் யாரோ ஒருவரின் பைக்கிலிருந்து குதித்து மகள் ஓடி வந்தாள். "அப்பா! உத்தரவு வந்துடுச்சு! அவரு பார்க்கலாம்!"

அதுவரை திட்டுவதற்கு ஆள் இருந்தது. இப்போது பயம் மட்டும் மிச்சம். நான் பஞ்சர் ஒட்டுகிறவன். டியூபைத் தண்ணீரில் முக்கிப் பார்க்காமல் எதையும் நம்பியதில்லை. இந்த ஆள் எங்கே படித்தான், யாரைக் குணமாக்கினான், யாருக்குத் தெரியும்?

"வேண்டாம்" என்றேன்.

"என்னப்பா சொல்றீங்க? காலையிலேருந்து தொண்டை கிழியக் கத்தினீங்களே!"

"கத்தினேன். அது வேற. கீறி வெச்சுட்டு நாளைக்கே இவன் விமானம் ஏறிட்டா, நான் யாரு சட்டையைப் பிடிக்கிறது?"

"நான் கூடவே நிப்பேன். தப்பு நடந்தா அரசாங்கம் பொறுப்பு. புதுச் சட்டத்துல அதுவும் இருக்கு" என்றார் டாக்டரம்மா.

"அரசாங்கமா? எங்க தெரு விளக்குக்கே பொறுப்பேத்துக்க நாதியில்ல. நான் சம்மதிக்கல."

"உங்களைக் கேக்கல பெரியவரே. நோயாளிக்கு நினைவிருந்தா, அவங்க பாஷையில நான் எடுத்துச் சொல்லி, அவங்க வாயாலதான் பதில் வாங்கணும். புருஷன் சொன்னா செல்லாது."

மகள் தரையைப் பார்த்தாள். அந்த வரியையும் அவள்தான் டைப் அடித்திருப்பாள்.

டாக்டரம்மா குனிந்து பொறுமையாக விளக்கினார். என் கையைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடியபடி கேட்ட என் மனைவி, "அந்த நெட்டைத் தம்பிக்குக் கை நடுங்குதா?" என்றாள்.

"இல்லம்மா."

"இவருக்கு நடுங்குது பாருங்க. இவரை வெளிய கூட்டிட்டுப் போங்க. அவரை வரச் சொல்லுங்க."

பெஞ்சுகளைச் சேர்த்துப் போட்டிருந்த வகுப்பறைக்குள் அவளைத் தூக்கிப் போனார்கள். கதவைச் சாத்தினார்கள். வராந்தாவில் நின்றேன், உட்கார்ந்தேன், மறுபடி நின்றேன். திடீரென்று தரை குலுங்கியது. ஜன்னல் கண்ணாடிகள் கடகடத்தன. உள்ளே கத்தி பிடித்திருப்பானே! கதவை நோக்கிப் பாய்ந்தேன். மகள் என் இடுப்பைக் கட்டிப் பிடித்துக்கொண்டாள்.

"அப்பா, திறக்காதீங்க! திறந்தாதான் கெடும்!"

குலுக்கல் நின்றது. உள்ளே யாரும் அலறவில்லை. அதுதான் எனக்கு இன்னும் பயமாக இருந்தது.

கடைசியில் கதவு திறந்து நெட்டையர் வந்தார். என்னிடம் என்னமோ சொன்னார். ஒரு எழவும் புரியவில்லை. மகளும் முழித்தாள். அவர் செருப்பைக் கழற்றி, ஒற்றைக் காலில் தள்ளாடி நின்று, தன் கால்விரல்களை ஆட்டிக் காட்டினார்.

மகள் அழுதுவிட்டாள். நான் அழவில்லை. சைகையை நம்பிச் சந்தோஷப்பட நான் தயாராக இல்லை. அவரை விலக்கிக்கொண்டு உள்ளே போய்ப் போர்வையை விலக்கினேன். முழங்கால் வரை கட்டு, அதில் ரத்தக் கசிவு. நுனியில் விரல்கள். தொட்டேன். லேசாகச் சூடு இருந்தது.

"என்னங்க" என்றாள் அவள், குழறலாக. "என்னைப் பார்க்க வந்தீங்களா, காலைப் பார்க்க வந்தீங்களா?"

"காலை" என்றேன், கையை எடுக்காமல்.