முதுகில் சிவப்புப் பொட்டு வைத்த டிவி

1

இந்தக் கதையை நான் ஒரு கடையிலிருந்து எடுத்துக்கொண்டு வந்தேன். மீஞ்சூரில் பழைய டிவி விற்கிற இடத்துக்கு ரிமோட் தேடிப் போயிருந்தேன். கடைக்காரர் வேறு யாரிடமோ சொன்ன ஒரு வாக்கியம் காதில் விழுந்தது: "இந்த டிவி என் கடைக்கு ரெண்டாவது தடவ வருது." அவ்வளவுதான். யார் கொண்டுவந்தார்கள், ஏன் கொண்டுவந்தார்கள் என்று நான் கேட்கவில்லை. ரிமோட்டுக்குக் காசு கொடுத்தேன், வாக்கியத்துக்குக் கொடுக்கவில்லை. அந்தக் கூச்சம் இதை எழுதும்போதும் இருக்கிறது. அந்தக் கடைக்காரரின் பெயர் பிராங்க்ளின் அல்ல. இந்தக் கதையில் வருகிறவர் பெயர் பிராங்க்ளின்.

2

முதல் தொடக்கம்:

வாடைக்காற்று ஏரியைக் கலக்கிவிட்டிருந்த அந்த விடியலில், செங்கல்வராயன் தன் பட

[படகு என்று முடிக்கவில்லை. அவன் வாங்கப் போவது ஒரு மீடியா ப்ளேயர். அதற்குப் படகு எதற்கு? அவன் ஊர் பழவேற்காடு என்றதும் கை தானாகப் படகுக்குப் போய்விடுகிறது.]

இரண்டாவது தொடக்கம்: செங்கல்வராயன் நல்லவன்.

[அடித்துவிட்டேன். அதை இப்போதே சொல்ல எனக்கு என்ன தெரியும்?]

மூன்றாவது தொடக்கம், இது நிற்கட்டும்:

செங்கல்வராயன் ஏரியில் நண்டு வலை விடுகிறவன். அவன் வீட்டில், முன்பு அரசாங்கம் இலவசமாகக் கொடுத்த குண்டு டிவி இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. கேபிளை நிறுத்தியாகிவிட்டது. பென்டிரைவில் படம் ஏற்றிப் பார்க்க ஒரு பழைய ப்ளேயர் கிடைத்தால் போதும் என்றாள் மனைவி கீதா. அதற்காக ஒரு மத்தியானம் மீஞ்சூரில் பிராங்க்ளின் கடைப்படி ஏறினான்.

"இன்னா டிவிண்ணே, வீட்ல?"

"கெவர்மெண்ட்டு டிவி."

"அது இன்னுமா உசுரோட கீது?"

"உன் கடையில கீறத விட நல்லாவே கீது. ப்ளேயரக் காட்டு தம்பி."

பிராங்க்ளின் சிரித்துக்கொண்டே ஒரு சின்னப் பெட்டியை எடுத்து, உடனே திரும்ப வைத்தான். "இது ஆவாது. இதுல ஒத்த வயரு, புது டிவிக்குத்தான் சேரும். உங்களுக்கு மூணு பின்னு வெச்சது வேணும். செவப்பு, வெள்ள, மஞ்சா." மேல்தட்டில் தேடி, தூசி படிந்த ஒரு ப்ளேயரை இறக்கினான். "ஓட்டிக் காட்டுறேன். அந்த டிவியில மாட்டுறேன், பாத்துக்கோங்க."

அந்த டிவி மேசைமேல் இருந்தது. தட்டை டிவி. சட்டத்தின் இடது மூலையில், ஸ்டிக்கர் பொட்டை உரித்தெடுத்த பசை வட்டம் வட்டமாக ஒட்டியிருந்தது.

செங்கல்வராயனுக்கு ஒரு தங்கை. பெயர் ஜமுனா. திருப்பாலைவனத்தில் கட்டிக்கொடுத்திருக்கிறது. முகம் கழுவப் போகும்போது பொட்டை எடுத்து டிவி மூலையில் ஒட்டிவைக்கிற பழக்கம் அவளுக்கு உண்டு. போன மாதம் அவன் அங்கே போயிருந்தபோது டிவி இருந்த இடத்தில் துணிமூட்டை இருந்தது. "ரிப்பேருக்குக் குடுத்துக்கீறோம்ணா," என்றாள். "சரிம்மா," என்றான்.

3

பொட்டு ஒட்டுகிற பெண்கள் ஊரெல்லாம் இருக்கிறார்கள் என்று அவன் தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். பிறகு, ப்ளேயர் வயரைப் பார்ப்பவன் போல, டிவியின் பின்பக்கம் எட்டிப் பார்த்தான்.*

பின்மூடியில் நான்கு திருகாணிகள். மூன்று துருப்பிடித்திருந்தன. டிவி நிற்கிற தாங்கி பாதி மறைத்திருந்த நான்காவதன் தலையில் மட்டும் ஒரு சொட்டு சிவப்பு நகப்பூச்சு, மங்காமல் இருந்தது.

"அதுவா," என்றான் பிராங்க்ளின். "எந்த டிவியக் கழட்டினாலும் மூடிட்டு ஆணிக்கு ஆணி அந்தப் பொட்டு வெப்பேன். உப்புக்காத்து உள்ள எறங்காது. வேற எவனாச்சும் தொறந்தாலும் எனக்குத் தெரிஞ்சிடும். இதுல மூணு ஆணியில எவனோ பிளேடு போட்டு சொரண்டிக்கிறான். அதான் துரு."

"யாருது இது?"

"திருப்பாலைவனத்துல ஒரு அக்கா. ஊட்டுக்காரருக்கு வேல போச்சாம். புது டிவி, கல்யாணத்துக்கு எங்கண்ணன் சீரு குடுத்ததுன்னு கொண்டாந்துச்சு. நான் திருப்பிப் பாக்குறேன், என் பொட்டு கீது. யக்கா, இது என் கடையிலேந்து போன டிவி, பேக்லைட்டு மாத்தினதே நாந்தான்னேன்."

"அதுக்கு இன்னா சொல்லிச்சு?"

"டிவிய இன்னொரு தடவ திருப்பிப் பாத்துச்சு. அப்புறம், எங்கண்ணனுக்கு சூதுவாது தெரியாது, புதுசுன்னு சொல்லி யாரோ அவர ஏமாத்திட்டாங்கன்னுச்சு." பிராங்க்ளின் வயரைச் சொருகிக்கொண்டே பேசினான். "வாங்கினு போனவன் மூஞ்சி ஞாபகம் இல்ல. ஆனா அவன் காலி அட்டப்பெட்டி ஒண்ணு கேட்டு வாங்கினு போனது ஞாபகம் கீது. புதுசு மாதிரி இருக்கணும்னான்."

"அத்தயும் அதுங்கிட்ட சொல்லிட்டியா?"

"சொல்லலண்ணே. அந்த அக்கா மூஞ்சியப் பாத்துட்டு எப்படிச் சொல்றது?"

படம் ஓடத் தொடங்கியது. கலர் நல்லாத் தெரியுதா என்று பிராங்க்ளின் கேட்டான். செங்கல்வராயன் தலையாட்டினான்.

* பழைய டிவி வாங்க நினைக்கும் வாசகருக்கு: ஏரிப்பக்கத்து ஆள் முதலில் படத்தைப் பார்க்கமாட்டான், பின்னால் திருகாணியைப் பார்ப்பான். அங்கே துரு இருந்தால் உள்ளேயும் இருக்கும். அதற்குப் பிறகுதான் வெள்ளைத்திரை போட்டு மூலை இருட்டடிக்கிறதா, கோடு விழுகிறதா என்று பார்ப்பது. இவையெல்லாம் செங்கல்வராயனுக்குத் தெரியும். நான் அவனிடமிருந்துதான் கற்றுக்கொண்டேன். அவன் நான் உண்டாக்கிய ஆள் என்பது வேறு விஷயம்.

4

இந்தப் பகுதியில் அவன் பக்கத்து நியாயத்தை எழுதினேன். கல்யாணத்து வருஷம் வலையில் நண்டு படவில்லை. நைனா இல்லாத வீடு. மாப்பிள்ளை முரளி வீட்டார் டிவி வேண்டும் என்று வாய்திறந்து கேட்டவர்கள். மலிவான புது டிவியைவிட நல்ல பழைய டிவி மேல் என்று அவன் நான்கு கடை ஏறி இறங்கி, திருகாணி பார்த்து, திரை பார்த்து, பொறுக்கி எடுத்தான். இதெல்லாம் சரளமாக வந்தது. இரண்டு பக்கம் நிற்காமல் எழுதினேன். படித்துப் பார்த்தபோது கதையிலேயே நன்றாக இருந்த பகுதி அதுதான். எனக்குச் சங்கடமாகிவிட்டது. கிழித்துப்போட்டுவிட்டு, மிச்சத்தை மட்டும் வைத்திருக்கிறேன்.

மிச்சம் இது. மண்டபத்தில் சீர் சாமான்களை வரிசையாக வைத்திருந்தார்கள். மைக் பிடித்தவர், "பெண்ணின் அண்ணன் வழங்கும் புத்தம் புதிய கலர் டிவி," என்றார். 'புத்தம் புதிய' அவராகச் சேர்த்துக்கொண்டது. ஜமுனா மாலையோடு குனிந்து, "புதுசாண்ணா?" என்று கேட்டாள். அவள் கேட்டதில் சந்தேகம் இல்லை. சந்தோஷம்தான் இருந்தது.

"பின்ன?" என்றான் அண்ணன்.

பழசு என்பதில் தப்பில்லை. பொட்டைச் சுரண்டப் பிளேடை எடுத்தது, பெட்டி கேட்டது, அந்த ஒரு சொல். இந்த மூன்றுக்கும் என்னால் நியாயம் எழுத முடியவில்லை.

5

ஜமுனாவை எழுதத்தான் பயமாக இருக்கிறது. 'எங்கண்ணனுக்கு சூதுவாது தெரியாது' என்று அவள் நம்பித்தான் சொன்னாளா? அல்லது அந்த இடத்திலேயே எல்லாம் புரிந்துபோய், முன்பின் தெரியாத கடைக்காரன் முன்னால் அண்ணனை விட்டுக்கொடுக்காமல்

[இந்த வாக்கியத்தை முடித்தால் அவள் தெய்வமாகிவிடுவாள். வேண்டாம். புருஷனுக்கு வேலை இல்லாத பெண், கையில் டிவியோடு நிற்கிறாள். அவளுக்கும் கோபம் வரும்.]

செங்கல்வராயனும் இதையேதான் யோசித்தான். ஏமாந்தவன் என்று அவள் நினைத்திருந்தால் அவளை நிமிர்ந்து பார்க்க முடியாது. தெரிந்தே அப்படிச் சொல்லியிருந்தால் அந்த வீட்டு வாசலையே மிதிக்க முடியாது.

6

ஒரு முடிவு எழுதினேன். அவன் ப்ளேயரை மட்டும் வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போகிறான். பொங்கலுக்கு ஜமுனா வீட்டில், "ரிப்பேரு இன்னும் ஆவலம்மா?" என்கிறான். "இல்லண்ணா," என்கிறாள். இருவரும் வடை சாப்பிடுகிறார்கள். இது நடக்கக்கூடியதுதான். நம் வீடுகளில் இப்படித்தான் நடக்கும். ஆனால் அவன் அப்படிப் போக மறுத்தான். மேசையை விட்டு நகரவில்லை.

"ப்ளேயர் வேணாம்," என்றான். "இந்த டிவியே குடு."

"நல்லதாப் போச்சு. எனக்கும் எடம் காலியாவும்." கையில் இருந்த காசு போதாமல், செங்கல்வராயன் மிச்சத்தைப் போனிலேயே அனுப்பினான். வீட்டில் கீதா கேட்கப் போவதைப் பற்றி நான் எழுதப்போவதில்லை. பிராங்க்ளின் பரணைப் பார்த்துவிட்டு, "அட்டப்பெட்டி வேணுமாண்ணே? போட்டுக் குடுத்தா புதுசு மாதிரி இருக்கும்," என்றான்.

பிராங்க்ளினுக்கு இவனை அடையாளம் தெரியவில்லை. எல்லாரிடமும் கேட்பது போலத்தான் கேட்டான்.

"வேணாம். அப்படியே குடு."

"படுக்க வெக்காதீங்க, நிக்க வெச்சே தூக்கினு போங்க."

7

பழவேற்காடு பஸ். டிவியை மடியில் நிறுத்திப் பிடித்துக்கொண்டிருந்தான். [அணைந்த திரையில் அவன் முகம் தெரிந்தது என்று எழுதினால் அழகாக இருக்கும். அதற்கு ஆசைப்பட்டுவிடக் கூடாது என்று திரையை வெளிப்பக்கம் திருப்பிவைத்திருக்கிறேன்.] முன்சீட்டில் ஊர்க்காரர் தனக்கோடி.

"இன்னா செங்கலு, டிவியா? டப்பா எங்க?"

"டப்பா இல்லண்ணே. பழசு."

"பழசுன்னா இப்படியா ஊருக்கே காட்டினு வருவ? ஒரு போர்வ கீர்வ சுத்தக் கூடாது?"

"பழசுதாண்ணே," என்றான் மறுபடியும். தனக்கோடி கேட்டதற்கு அது பதில் இல்லை.

திருப்பாலைவனத்தில் இறங்கினான். அவன் ஊருக்கு முன்னால் வருகிற நிறுத்தம் அது. கண்ணை மூடிக்கொண்டிருந்தால் தாண்டிப் போயிருக்கும். வாசலில் போய்ச் சொல்வதற்கென்று நான் அவனுக்கு எழுதிக்கொடுத்தவை:

வழியில பாத்தேன், சீப்பா கெடச்சுது, அதான்

என்னையும் ஏமாத்திட்டாங்க ஜமுனா, நான்

என்ன மன்னிச்சிடும்மா

[முதலாவது பொய். இரண்டாவது அவள் சொன்ன பொய்யை அவன் எடுத்துக்கொள்வது. மூன்றாவது எங்கள் ஊரில் அண்ணன் தங்கையிடம் சொல்கிற பேச்சே இல்லை.]

மூன்றையும் அவன் பஸ்ஸிலேயே விட்டுவிட்டு இறங்கியிருக்கிறான்.

ஜமுனா குழாயடியில் குடம் வைத்துக்கொண்டிருந்தாள். தெருமுனையில் அண்ணன் டிவியைத் தோளில் நிறுத்திச் சுமந்து வருவதைப் பார்த்தாள். பெட்டி இல்லை, போர்வை இல்லை. மூலையில் தன் பொட்டுப் பசையைப் பார்த்திருப்பாள். குடம் நிறைந்து வழிந்தது. குழாயை நிறுத்திவிட்டு நிமிர்ந்து, மண்டபத்தில் கேட்ட அதே கேள்வியைக் கேட்டாள்.

"புதுசாண்ணா?"

சிரித்துக்கொண்டு கேட்டாளா என்று என்னைக் கேட்காதீர்கள். நான் செங்கல்வராயனுக்குப் பின்னால் நிற்கிறேன். இங்கிருந்து அவள் முகம் தெரியவில்லை. அவன் கழுத்தும், டிவியின் முதுகும்தான் தெரிகின்றன. துருப்பிடித்த மூன்று ஆணிகள், சிவப்பாக ஒன்று. தனக்கோடியிடம் இரண்டு தடவை சுலபமாக வந்த சொல்தான் இங்கேயும் வேண்டியது. அதை நான் எழுதிக்கொடுத்தால் அது என் சொல்லாகிவிடும். நான் பேனாவை மூடுகிறேன். உங்களுக்கும் ஒரு தங்கையோ அண்ணனோ இருப்பார்கள். அவனுக்குப் பக்கத்தில் வந்து நின்று, பதிலைச் சொல்லுங்கள். டிவி கனமாக இருக்கிறது. அதிக நேரம் பிடித்துக்கொண்டு நிற்க முடியாது.