ராஜாக்கள் பார்க்கக் கூடாத தெரு

அந்தச் சொகுசுச் சுற்றுலா ரயிலில் ஏறுகிறவர்கள் எல்லோரும் ராஜாக்கள். இறங்கி டாக்சிக்காரரிடம் பேரம் பேசத் தொடங்கும்வரை. ராஜாக்கள் கண்ணில் அசிங்கம் படக் கூடாது என்பது கம்பெனியின் கொள்கை. தண்டவாளத்தை ஒட்டி வீடுகள் நெருக்கியடித்து நிற்கும் இடம் வந்தால் மேனேஜர் மணியடிப்பார். பெட்டிக்கு ஒருவராக நிற்கும் சேவகர்கள் பட்டுத் திரைகளை இழுத்து மூடிவிட்டு இனிப்புத் தட்டை நீட்டுவார்கள். ராஜாக்கள் எந்த இனிப்பை எடுப்பது என்று யோசித்து முடிப்பதற்குள் தெரு கடந்துபோயிருக்கும்.

மூன்றாம் பெட்டிச் சேவகன் இப்படித் தன் மாமனார் வீட்டுத் தெருவையே பலமுறை மூடியிருக்கிறான். வருத்தப்பட்டதில்லை. இந்த முறைதான் சிக்கல். சோபாக் கடைக் குலுக்கலில் பரிசு விழுந்து, அவன் மச்சானே ராஜாவாக வந்து உட்கார்ந்திருந்தார். அதுவும் ஜன்னலோரம். தான் கையாட்டுவதைப் பார்க்கத் தெருவையே தண்டவாளத்தோரம் வரச் சொல்லியிருந்தார்.

“திரைய மூடணும் மச்சான். ரூல்.”

“மூடுங்க மாப்பிள்ளை. அப்புறம் எங்க வீட்டுப் படி ஏறிடுவீங்களான்னு பாக்கறேன்.”

மூடினால் மாமனார் வீடு போச்சு. மூடாவிட்டால் வேலை போச்சு. மணியடித்தது. சேவகனின் கை கயிற்றைப் பற்றியது. வெளியே மாமியார் ஒரு துண்டை வீசி வீசி ஆட்டிக்கொண்டிருந்தார். பக்கத்தில் அவன் மனைவி. அவள் அண்ணனைத் தேடவில்லை. ஜன்னல் ஜன்னலாக இவனைத்தான் தேடிக்கொண்டிருந்தாள். கை கயிற்றை விட்டுவிட்டது.

எதிர் இருக்கை வெளிநாட்டுச் சீமாட்டி கூவிக்கொண்டே கேமராவைத் தூக்கினாள். அவ்வளவுதான், பெட்டியே அந்தப் பக்கம் சாய்ந்தது. மச்சான் எம்பி எம்பிக் கையாட்டினார். தெருவுக்குத் தெரிந்ததெல்லாம் கேமராக்களும், அவற்றுக்குப் பின்னால் யாருடையதென்று தெரியாத ஒரு கையும்தான்.

மேனேஜர் பல்லைக் கடித்துக்கொண்டு ஓடிவந்தார். சீமாட்டி அவர் கைகளைப் பிடித்துக்கொண்டாள். வழியெல்லாம் அரண்மனையாகப் பார்த்துச் சலித்துப்போயிருந்ததாகவும், இப்போதுதான் உயிருள்ள மனிதர்களைப் பார்த்ததாகவும் சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். மேனேஜர் திட்ட வந்ததை அப்படியே விழுங்கிவிட்டு, இது கம்பெனியின் சிறப்பு ஏற்பாடு என்றார்.

அடுத்த பயணத்திலிருந்து அது நிகழ்ச்சி நிரலில் ஏறிவிட்டது: ‘மக்கள் வரவேற்பு’. தெருவுக்குக் கூலி உண்டு. ஆள் சேர்த்து நிறுத்தும் பொறுப்பு மச்சானுக்கு. மாடியிலிருக்கும் டிஷ் ஆன்டெனாவைத் துணி போட்டு மறைக்க வேண்டும், பிள்ளைகள் செருப்பைக் கழற்றிவிட்டு நிற்க வேண்டும், கையாட்டுவதில் இன்னும் கொஞ்சம் பாசம் வேண்டும் என்று மேனேஜர் சொல்லியனுப்பினார்.

இரண்டு மூன்று பயணம் போனபிறகு ஒரு நாள் மச்சான் தங்கை வீட்டுக்கு வந்தார். மாப்பிள்ளையைத் தனியே அழைத்துப் போனார்.

“ஏதோ மிருகக்காட்சி சாலையில நிக்கிற மாதிரி இருக்கு மாப்பிள்ளை. எங்க தெரு வரும்போது நீங்க பழையபடி திரைய மூடிடுங்களேன்.”

“மூடுனா வேலை போயிடும் மச்சான்.”

மச்சான் தலையைக் குனிந்துகொண்டார். சேவகனுக்குப் பாவமாகத்தான் இருந்தது. ஆனாலும் மேனேஜர் சொல்லியனுப்பியதைச் சொல்லித்தானே ஆக வேண்டும்.

“அப்புறம் மச்சான், அந்த இஸ்திரி போட்ட சட்டை வேணாமாம். போன தடவை ஒரு வெள்ளைக்காரம்மா குறைப்பட்டுக்கிட்டாங்க.”