நாக்குக்கு அடியில் நீலம்

மீன்பிடித் தடைக்காலம் மட்டும் இல்லையென்றால் ஜெய்னுலாபுதீன் தன் நாக்கைத் தூக்கிப் பார்த்திருக்கவே மாட்டார். மண்டபம் ஊர் ஏலக்கூடத்தில் முப்பது வருஷமாக மீன் எடுக்கிற மனுஷர். படகெல்லாம் கரையில் கிடக்கும் நாட்களில் அவருக்குப் பொழுது போவது பெரும்பாடு. அப்படி ஒரு திங்கட்கிழமை, பல்லிடுக்கில் சிக்கிய இறைச்சி நாரை எடுக்கக் கண்ணாடி முன்னால் வாயைப் பிளந்தார். நாக்குக்கு அடியில் நரம்புகள் கருநீலமாகப் புடைத்து நெளிந்து கிடந்தன. கீழுதட்டின் உள்பக்கம் மிளகளவு ஒரு நீலப் பொட்டு வேறு.

செவுளைத் தூக்கிப் பார்த்தே மீனின் யோக்கியதையைச் சொல்கிறவர் அவர். சிவப்பென்றால் எடு, கறுத்திருந்தால் தள்ளு. தன்னையும் அப்படியே தள்ளிவிட்டார். கேன்சரேதான், சந்தேகமே இல்லை. மனைவி சூஃபியாவிடம் மூச்சு விடவில்லை.

ராமநாதபுரத்துப் பல் டாக்டரிடம் வியாழக்கிழமைக்குத்தான் நேரம் கிடைத்தது. அதற்குள் போய்ச் சேர்ந்துவிட்டால்? பிறர் மனதை நோகடித்த பாரத்தோடு மண்ணுக்குள் போகப் பயந்து, செவ்வாய்க்கிழமை காலையிலேயே மாப்புக் கேட்கக் கிளம்பினார். முதலில் ஐஸ் கம்பெனி சின்னச்சாமி. ஏழு வருஷமாக இருவருக்கும் பேச்சுவார்த்தை இல்லை.

“சின்னச்சாமி, உன்ன வாய்க்கு வந்தபடி ஏசியிருக்கேன். மனசுல வச்சுக்கிறாத. மன்னிச்சிரு.”

சின்னச்சாமி திகைத்தார். அப்புறம் முகமெல்லாம் பல்லானார். புனிதப் பயணம் புறப்படுகிறவர்கள் இப்படி வீடு வீடாக வந்து மன்னிப்புக் கேட்பதை அந்த ஊரில் பார்க்காதவர் யார்?

“மெக்காவுக்குப் போறீகளா பாய்! சொல்லவே இல்ல! அங்கன நம்ம மகளுக்கும் ஒரு வார்த்த வேண்டிக்கங்க.”

இல்லை என்று சொன்னால் காரணம் கேட்பார். ஜெய்னுலாபுதீன் தலையை ஆட்டி வைத்தார். அந்த ஒரு தலையாட்டல் போதுமே! புதன்கிழமைக்குள் ஊரே அவரை உம்ராப் பயணத்துக்கு அனுப்பிவிட்டது. ஒருவர் அத்தர் பூசிவிட்டார். இன்னொருவர் துஆவில் வேண்டிக்கொள்ள வேண்டிய பதினெட்டுப் பேரின் பட்டியலைச் சட்டைப்பையில் திணித்தார். தையல்காரர், அங்கே உடுத்தும் இஹ்ராம் துணிக்குத் தையலே கிடையாது என்பதை மறந்து, உற்சாகத்தில் அளவெடுத்துக்கொண்டு போனார். சாகப்போகிறவர் எல்லாருக்கும் தலையாட்டினார்.

வியாழக்கிழமை டாக்டர் கவிப்ரியா நாக்கைத் தூக்கச் சொல்லி டார்ச் அடித்துப் பார்த்தார். உதட்டுப் பொட்டின்மேல் சின்னக் கண்ணாடித் துண்டை வைத்து அழுத்தினார். நீலம் வெளுத்தது. எடுத்ததும் திரும்பி வந்தது.

“வெறும் ரத்தம்தான் ஐயா. ரத்தக்குழாய் கொஞ்சம் வீங்கியிருக்கு. வயசானா நெறைய பேருக்கு நாக்குக்கு அடியில இப்படித்தான் இருக்கும். கேன்சர் இல்ல. மருந்தும் வேணாம்.”

அவருக்குக் கால் தரையில் பாவவில்லை. பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரரிடம் நாக்கைத் தூக்கிக் காட்டினார். கண்டக்டரிடம் நாக்கைக் காட்டச் சொல்லித் திட்டு வாங்கினார். அந்தத் திட்டும் இனித்தது.

வீட்டுக்குள் நுழைந்தால் கூடத்தில் பெட்டி திறந்து கிடந்தது. மடித்த துணிகளின்மேல் சூஃபியாவின் பாஸ்போர்ட். பதினோரு வருஷமாக உம்ரா போகலாமென்று கேட்கிறவள் அவள். அடுத்த சீசன் பார்ப்போம் என்று பதினோரு வருஷமாகச் சொல்கிறவர் இவர். அழுது சிவந்த கண்ணோடு அவள் சிரித்தாள்.

“ஊரு சொல்லித்தானா எனக்குத் தெரியணும்?”

அதற்குமேல் அவரால் பொய் சொல்ல முடியவில்லை. நாக்கு, கேன்சர், மாப்பு, டாக்டர் எல்லாவற்றையும் கொட்டிவிட்டார். சூஃபியா அவரை நாக்கைத் தூக்கச் சொல்லிப் பார்த்தாள். கண்ணாடி முன் போய்த் தன் நாக்கையும் தூக்கினாள். அங்கேயும் அதே நீலம். இருவருக்கும் சிரிப்பு பீறிட்டது. அவள்தான் முதலில் நிறுத்தினாள்.

“மவுத்தாகப் போறோம்னு ஊரெல்லாம் மாப்புக் கேட்டீக. எங்கிட்டக் கேட்டீகளா?”

கேட்கவில்லை. நினைவுக்கே வரவில்லை. வெட்கத்தில் அவர் தலை கவிழ்ந்தது.

“இப்பக் கேக்குறேன் சூஃபியா. மாப்புக் குடு.”

“குடுக்குறேன். இங்கன வச்சு இல்ல, கஅபாவுக்கு முன்னால வச்சு” என்று அவள் பெட்டியை அவர் பக்கம் தள்ளினாள். “ஒங்க துணிய நீங்களே மடிச்சு வைங்க.”

ஜெய்னுலாபுதீன் சம்மணமிட்டு உட்கார்ந்து மடிக்க ஆரம்பித்தார்.