மாமாவின் போஞ்சிக்கு என் பாக்டீரியா

இந்தமுறை போஞ்சித் தோட்டத்துக்கு யூரியா போடுவதில்லை என்று ரவூப் மாமா ஒப்புக்கொண்டது என் பேச்சைக் கேட்டல்ல. நான் பேசவில்லை. உம்மாவிடம் சொன்னேன்; உம்மா தன் தம்பியிடம் சொன்னார். தன் மகள் ஜெஸ்லா கம்பஸில் நுண்ணுயிர் படித்தவள், சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்றார். நான் அடுத்த அறையில் கதவுக்குப் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன்.

விஷயம் எளிது. அவரை, பயறு போல, போஞ்சியின் வேரிலும் ஒருவகை பாக்டீரியா குடியேறி, சின்னச் சின்ன முடிச்சுகளை உண்டாக்கி, காற்றிலுள்ள நைதரசனைச் செடிக்கு உணவாக்கிக் கொடுக்கும். யூரியாவின் வேலையை அது செய்யும், மண்ணும் கெடாது. ஆய்வுகூடத்தில் வேலை செய்யும் தோழி ஒருத்தி அதைப் போத்தலில் அனுப்பியிருந்தாள். ஆறிய அரிசிக் கஞ்சியில் கலந்து விதைகளில் பூசி, நிழலில் உலர்த்தி நடவேண்டும். கஞ்சி ஒட்டுவதற்கு மட்டும்.

நோன்பு காலம். காலையில் கஞ்சி காய்ச்சி ஆறவைத்துவிட்டுத் தூங்கிப்போனேன். எழுந்து விதைகளைப் பிரட்டும்போது பூண்டு வாசம் அடித்தது. பசியின் வேலை என்று நினைத்தேன். அஸர் தொழுகைக்குப் பிறகு மாமா எல்லாவற்றையும் நட்டு முடித்தார்.

நோன்பு திறக்கும் நேரம் உம்மா கேட்டார்.

"அந்தக் கஞ்சி எங்க போச்சு? உப்புமில்லாம ஒண்ணுமில்லாம வெச்சிருந்த. நான்தானே உப்பும் பூண்டும் வெந்தயமும் போட்டு, தேங்காப்பால் ஊத்தி சரிக்கட்டினேன்."

நோன்பு மாதத்தில் எங்கள் அடுப்படியில் ஒரு பானைக் கஞ்சி வெறும் கஞ்சியாகவே இருந்துவிட முடியாது. இதைப் பற்றி எந்தப் பாடப்புத்தகமும் என்னை எச்சரிக்கவில்லை.

உப்பிலும் பூண்டிலும் ஊறிய என் பாக்டீரியா பிழைத்திருக்க வாய்ப்பு குறைவு. யூரியாவும் இல்லை. பூ வைப்பதற்குள் மாமாவிடம் சொல்லாவிட்டால் தோட்டம் முழுக்க மஞ்சளாகிவிடும். இந்தப் போகத்தில் அவருக்கு வேறு பயிர் கிடையாது.

சொல்லத்தான் போனேன். மாமா கொடி ஏறக் குச்சி ஊன்றிக்கொண்டிருந்தார். குச்சி எடுத்துக் கொடுத்துவிட்டு வந்தேன். பெருநாளுக்கு மறுநாளும் போனேன். மாமி வட்டிலப்பம் தந்தார். சாப்பிட்டுவிட்டு வந்தேன்.

திரும்பும் வழியில் ஒரு செடியைப் பிடுங்கிப் பார்த்தேன். வேரில் ஒரு முடிச்சுகூட இல்லை. ஆனால் இலைகள் கரும்பச்சை. ஆய்வுக் கட்டுரைகளைத் தேடி வாசித்தேன். கடைசியில், விதையில் இருந்த சத்து இன்னும் தீரவில்லை என்று நானே முடிவுகட்டினேன். ஒரு போஞ்சி விதையில் அவ்வளவு சத்து இருக்குமா என்று என்னை நானே கேட்டுக்கொள்ளவில்லை.

முதல் மொட்டுகள் தெரிந்த நாளில் இனித் தள்ளிப்போட வழியில்லை. மாமாவைப் பார்த்துச் சொல்ல வரவில்லை. ஒரு மொட்டைப் பார்த்துச் சொன்னேன்.

"மாமா, யூரியா போடுங்க. என்ட பாக்டீரியா செத்துப்போச்சு."

மாமாவும் அதே மொட்டைத்தான் பார்த்தார்.

"போட்டுட்டேன் மகள். நட்டு ரெண்டு கிழமையிலேயே போட்டுட்டேன். பயமா இருந்திச்சு. நீ பாவம், வந்து வந்து பாத்துட்டுப் போற. எப்பிடிச் சொல்றதுன்னு இருந்தேன்."

எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். யூரியா தாராளமாகக் கிடைக்கும் செடி முடிச்சுகளைப் பற்றிக் கவலைப்படாது. என் பாக்டீரியா பூண்டால் செத்ததா, யூரியாவால் வேலையிழந்ததா என்று இனி யாராலும் கண்டுபிடிக்க முடியாது. விஞ்ஞானத்துக்கு நஷ்டம். எனக்கோ பெரிய ஆறுதல்.

கஞ்சிக் கதையைச் சொன்னேன். மாமா வரப்பில் உட்கார்ந்து சிரித்தார். அவர் சிரித்து முடிப்பதற்குள் கேட்டுவிட்டேன்.

"அடுத்த போகம் ஒரு பாத்தி தாங்க மாமா. யூரியா போடாம."

அவர் தோட்டத்தை ஒருமுறை சுற்றிப் பார்த்தார். பிறகு பலாமரத்தடி மூலையைக் காட்டினார். வற்றாளைக் கிழங்குக் கொடிகூடப் படராத இடம் அது. உடனே சரி என்றேன். பக்கத்தில் பாக்டீரியா பூசாத விதைக்கும் ஒரு வரிசை வேண்டும், அப்போதுதான் ஒப்பிடலாம். அதையும் கேட்டிருக்கலாம். ஒரு நாளைக்கு இவ்வளவு பேசியதே போதும் என்று விட்டுவிட்டேன்.