கின்னிக்கோழிகளைக் கூப்பிட்டவள்

ஏலச்செடியின் அடியில் குனிந்து காய் எடுத்துக்கொண்டிருந்த சுருளியம்மாளின் கையில் அந்தக் காக்கை தட்டுப்பட்டது. உடம்பு இன்னும் விறைக்கவில்லை. செடிக்கு அடித்த மருந்தைக் குடித்துச் செத்திருக்கும் என்று நினைத்தாள். சிறகைப் பிடித்துத் தூக்கி ஓடைப் பக்கம் எறிந்துவிட்டு, கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு அடுத்த செடிக்கு நகர்ந்தாள்.

சாயங்காலம் ஊர் திரும்பிய ஜீப்பு போடிமெட்டுச் சோதனைச்சாவடியில் நின்றது. முகத்தை மூடிய இரண்டு பேர் சக்கரங்களுக்கு மருந்து அடித்தார்கள்.

"என்னண்ணே இது புதுசா?" என்று கேட்டாள் பக்கத்தில் உட்கார்ந்திருந்த சுஜாதா.

"பறவைக் காய்ச்சலாம்" என்றான் ஜீப்பு ஓட்டும் லிங்கேஸ்வரன். "கேரளாவுக்குள்ள வாத்தெல்லாம் கூட்டங்கூட்டமாச் சாகுதாம். காக்காய்க்கும் தொத்திருச்சாம். மனுசனுக்கும் வரும்ங்கிறாய்ங்க."

சுருளியம்மாள் வலது கையை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டாள்.

சொந்த ஊரான சிலமலையில் இறங்கி நடக்கும்போது சுஜாதாவிடம் மட்டும் சொன்னாள். பதினோரு வருசமாக இருவரும் ஒரே ஜீப்பில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து மலைக்குப் போய் வருகிறவர்கள். சுருளியம்மாளுக்குப் புருசன் இல்லை, பிள்ளையும் இல்லை. சொல்வதற்கு வேறு யாரும் இல்லை.

"செத்த காக்காயத் தொட்டுட்டேன் சுஜாதா. வெறுங்கையில."

சுஜாதா ஓர் அடி தள்ளி நின்றாள். பிறகு சமாளித்துக்கொண்டு, "ஒண்ணும் ஆகாதுக்கா. யார்கிட்டயும் மூச்சு விடாத. நான் இருக்கேன்ல" என்றாள்.

மூன்றாம் நாள் சுருளியம்மாளுக்குக் காய்ச்சல் கண்டது. தொண்டையில் எச்சில் இறங்கவில்லை. தேனி பெரியாஸ்பத்திரிக்குப் போகச் சொன்னதே சுஜாதாதான். ஆனால் சுருளியம்மாள் தயங்கினாள். வீட்டில் ஒன்பது கின்னிக்கோழிகள் இருந்தன. ராசிங்காபுரத்தில் முட்டை வாங்கி, அடைக்கோழியில் வைத்துப் பொரித்தவை. பகலெல்லாம் தெருவில் மேய்ந்துவிட்டு, பொழுது சாய்ந்ததும் புங்கமரத்தின் உச்சிக் கொப்பில் ஏறிவிடும். பாம்பைக் கண்டால் தெருவையே எழுப்பிவிடும். வேற்றாள் நிழல் பட்டாலே பறக்கும். தட்டைத் தட்டி "ப்பா... ப்பா" என்று சுருளியம்மாள் கூப்பிட்டால் இறங்கி வரும். அவள் ஊரில் இல்லாத நாட்களில் கம்பு போட்டுப் பழகியதால் சுஜாதாவின் குரலுக்கும் வரும்.

"நான் பாத்துக்கிறேன்க்கா. நீ வெரசாக் கெளம்பு" என்றாள் சுஜாதா.

ஆஸ்பத்திரியில் சுருளியம்மாள் காக்கையைத் தொட்டதை மறைக்காமல் சொன்னாள். மூக்கிலும் தொண்டையிலும் குச்சி விட்டுச் சளி எடுத்தார்கள். முடிவு வரும்வரை தனி அறை. உடம்பு அனலாகக் கொதித்தபோதும், ஆஸ்பத்திரியில் சேர்ந்த மூன்றாம் நாளும் நாலாம் நாளும் அவள் சுஜாதாவுக்குப் போன் போட்டாள்.

"கோழியெல்லாம் எப்படி இருக்கு?"

"அதுகளுக்கென்ன, நல்லா மேயுதுக. நீ மருந்தச் சாப்பிட்டுப் படு."

ஐந்தாம் நாள், பறவைக் காய்ச்சல் இல்லை, சாதாரணக் காய்ச்சல்தான் என்று சொல்லி அனுப்பினார்கள். போடியில் பஸ்சு மாறும்போது அரைப்படி கம்பு வாங்கிக்கொண்டாள்.

வீட்டு வாசலில் சத்தமே இல்லை. புங்கமரம் வெறுமையாக நின்றது. தட்டை எடுத்துத் தட்டினாள். கூப்பிட்டாள். எதிர்வீட்டு ராக்கையா வெளியே வந்து, தூரத்திலேயே நின்றார்.

"கூப்பிடாதத்தா" என்றார். "அதுக இல்ல."

"எங்க போச்சு?"

"தெருவே பயந்துபோச்சு. நீ செத்த காக்காயத் தொட்டுட்டு வந்து இதுகளுக்கும் தீனி போட்டன்னு தெரிஞ்சதும் ஆளாளுக்குத் தடியெடுத்துட்டாங்க. ஒண்ணயும் புடிக்க முடியல. மரத்து உச்சியில போய் உக்காந்துக்கிருச்சு. அப்புறம் சுஜாதாதான் வந்து கூப்பிட்டுச்சு. ஒவ்வொண்ணா இறங்கி அது கைக்கே வந்துச்சு. சுண்ணாம்பு போட்டுப் பொதைச்சாச்சு."

"என்னைக்கு?"

"நீ போன மறுநாளே."

காக்கையைத் தொட்ட விஷயம் ஊரில் ஒருத்திக்குத்தான் தெரியும். கம்புப் பொட்டலத்தைக் கீழே வைத்துவிட்டு சுருளியம்மாள் அடுத்த தெருவுக்கு நடந்தாள்.

சுஜாதா வாசலில் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தாள். உள்ளே, பேறுகாலத்துக்கு வந்திருந்த அவள் மகள் சிவரஞ்சனி சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். சுருளியம்மாளைக் கண்டதும் சுஜாதா எழுந்து வாசற்படியை மறித்து நின்றாள்.

"எனக்கு அந்த நோயி இல்லன்னு சொல்லிட்டாங்க" என்றாள் சுருளியம்மாள். "பயப்படாத."

"அக்கா... எம் மக நெறமாசம். நீயே பாக்குற. நான் என்ன செய்யட்டும்? நான் கூப்பிடலன்னா கல்லால அடிச்சுக் கொன்னுருப்பாங்க."

"பயந்தது தப்பில்ல. எங்கிட்டச் சொல்லியிருந்தா மாட்டாஸ்பத்திரி டாக்டரக் கூட்டிவந்து நானே புடிச்சுக் குடுத்திருப்பேன். நோயி இருந்தா கொல்லச் சொல்லி நானே சொல்லியிருப்பேன்." என்றாள் சுருளியம்மாள். "மண்ணுக்குள்ள பொதைச்சுட்டு, ரெண்டு தடவையும் நல்லா மேயுதுன்னியே. எப்படிடி வாய் வந்துச்சு?"

சுஜாதா கையிலிருந்த சாம்பலை தேய்த்துக்கொண்டே இருந்தாள்.

திரும்பி நாலு எட்டு வைத்த சுருளியம்மாள் நின்றாள். ஆஸ்பத்திரியில் நர்சு சொன்னது நினைவுக்கு வந்தது. சொல்லாமல் போய்விடலாம் என்றுதான் தோன்றியது. போக முடியவில்லை.

"அதுகள எதைக் கொண்டு புடிச்ச?"

"கையிலதான்."

"துணி, உறை ஒண்ணுமில்லையா?"

சுஜாதா இல்லை என்று தலையாட்டினாள்.

"நோயிருந்தா தொட்டவளுக்குத்தான் மொதல்ல வருமாம். அதுகளுக்கு இருந்துச்சா இல்லையான்னு இப்ப யாருக்குத் தெரியும்? எனக்கில்லைன்னா அதுகளுக்கும் இல்லைன்னு அர்த்தமில்ல. ஒம் மக பக்கத்துல போகாத. நாளைக்கே ஆஸ்பத்திரிக்குப் போயி, ஒம்பது கோழியத் தொட்டேன்னு உள்ளதச் சொல்லு."

சுஜாதாவின் முகம் வெளிறியது. உள்ளேயிருந்து சிவரஞ்சனி, "என்னம்மா?" என்று கேட்டாள். சுஜாதா அவள் பக்கம் திரும்பக்கூட இல்லை. வாசற்படியிலிருந்து மெல்ல விலகித் தெருவில் இறங்கி நின்று அழுதாள். சுருளியம்மாள் அவளைத் தேற்றவில்லை.

சுஜாதா ஆஸ்பத்திரிக்குப் போனாள். பத்து நாள் மகளை விட்டுத் தள்ளி அண்ணன் வீட்டில் இருந்தாள். அவளுக்கு ஒன்றும் வரவில்லை. ஆனால் அந்தப் பத்து நாளுக்குள் சிவரஞ்சனிக்குப் பெண் குழந்தை பிறந்தபோது சுஜாதாவால் பக்கத்தில் இருக்க முடியவில்லை. சேதி கேட்டு வந்த கால்நடை டாக்டர், சோதனை இல்லாமல் ஏன் கொன்றீர்கள் என்று தெருவைச் சத்தம் போட்டுவிட்டுப் போனார்.

சுருளியம்மாள் பழைய ஜீப்பை விட்டு, விஜயபாண்டி என்பவர் ஓட்டும் ஜீப்பில் வேறொரு எஸ்டேட்டுக்குப் போகத் தொடங்கினாள். மாசியில் ஒருநாள் காலை, ஜீப்புக்குக் காத்திருந்தவளிடம் சுஜாதா வந்தாள். இடுப்பில் பேத்தி.

"பிள்ளையப் பாக்க வரவே இல்லையேக்கா" என்றாள்.

சுருளியம்மாள் குழந்தையின் பாதத்தைத் தொட்டுப் பார்த்தாள். சூடாக, மெத்தென்று இருந்தது.

"நல்லா இருக்கட்டும்" என்றாள்.

"எங்கூடப் பேச மாட்டியா?"

"பேசுறேன்ல." ஜீப்பு வந்து நின்றது. "ஆனா இனிமே ஒங்கிட்ட எதையும் சொல்ல மாட்டேன் சுஜாதா."

ஏறி, முன்பின் தெரியாத ஒரு பெண்ணின் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டாள்.