நெஸ்டா ஓய்வெடுக்கப் போன வாரம்

நடுக்குவாதம் வந்ததிலிருந்து நெஸ்டாவைக் குளிப்பாட்டுவது, உடுத்துவது, ஊட்டுவது எல்லாம் அவள் புருஷன் டெக்வின்தான். பிள்ளைகள் கிடையாது. அவன் கண்ணெல்லாம் குழி விழுந்து கிடப்பதைப் பார்த்த, வீட்டுக்கு வந்துபோகும் நர்ஸ், கடலோரத்துப் பராமரிப்பு இல்லத்தில் அவளுக்கு ஒரு வாரம் இடம் பிடித்துக் கொடுத்தாள்.

"அவங்கள அங்க பாத்துக்குவாங்க. நீங்க நல்லா தூங்குங்க, அது போதும்."

தூக்கம்தான் வரவில்லை. காலையில் ஆட்டுப்பட்டி வேலியைச் சரிசெய்தான். மதியம் கறியும் உருளைக்கிழங்கும் போட்டு சூப் வைத்தான். கிழங்கைப் பழக்கத்தில் குழைய மசித்துவிட்டு, கரண்டியும் கையுமாக நின்றான். பிறகு அவனே சாப்பிட்டான். ரேடியோவில் வெயில் வரும் என்றவனிடம், "எங்கடா வருது?" என்று சத்தமாகச் சண்டை போட்டான். இல்லத்துக்குப் போன் செய்தால், "பாடிட்டிருக்காங்க, அப்புறம் கூப்பிடுங்களேன்" என்றார்கள். வீட்டில் அவள் பாடி எவ்வளவோ காலமாயிற்று.

மறுநாள் மழையோடு மழையாக வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

நெஸ்டா ஒரு கிழவியோடு தேநீர் குடித்துக்கொண்டிருந்தாள். கம்பளிச் சட்டையின் பொத்தான்கள் தாறுமாறாக மாட்டியிருந்தன. அவன் நேராகப் போய்ப் பொத்தானில் கை வைத்தான்.

"விடு. நானே போட்டது."

"கோணலா இருக்கு நெஸ்டா."

"இருக்கட்டும். பாதிக் காலை இதுக்கே போச்சு. இங்க வேலை பாக்கற பொண்ணு பக்கத்துலயே நின்னா, ஆனா கை வைக்கல."

"நான் உனக்கு உதவிதானே செய்யறேன்?"

"உதவிதான். நான் ஸ்பூனை எடுக்கறதுக்குள்ள உன் ஸ்பூன் என் வாய்க்குள்ள இருக்கும்."

கிழவி சிரித்துவிட்டாள். நெஸ்டா சிரிக்கவில்லை. "நீ மட்டும்தான் களைச்சுப்போயிட்டேன்னு நினைச்சியா டெக்வின்? எனக்கும் உன்கிட்டேருந்து ஓய்வு வேணும். வீட்டுக்குப் போ."

வண்டியில் ஏறியவனுக்குக் கிளப்பத் தோன்றவில்லை. கோபமா அவமானமா என்று அவனுக்கே பிடிபடவில்லை. கண்ணாடியெல்லாம் ஆவி படிந்து, வெளியே ஒன்றும் தெரியாமல் போகும்வரை உட்கார்ந்திருந்தான். அதற்குப் பிறகு அவன் போன் செய்யவில்லை. அங்கிருந்தும் யாரும் கூப்பிடவில்லை.

வாரக் கடைசியில் அழைத்துவரப் போனான். முன் சீட்டில் உட்கார்ந்த நெஸ்டா பெல்ட்டை இழுத்தாள். கை ஆடி ஆடிக் குறி தப்பியது. அவன் தன் கையைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டான். ஒருவழியாகப் பெல்ட் மாட்டியது.

"போலாமா?"

"ம்."

பாதி வழியில், வெளியே பார்த்தபடியே சொன்னாள்: "அடுத்த தடவை எப்பன்னு நர்ஸ்கிட்ட கேட்டு வை."

"சரி, கேக்கறேன்" என்றான்.